பரிசு விழுந்த பிறகு கோட்டை விடாதீர்கள்: நிதிக் குலுக்கல் சீட்டில் நடக்கும் தவறுகள்

தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கென்று பத்து வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஒரு சீட்டு வாங்குகிறோம். முதல் பரிசு மோட்டார் சைக்கிள். குலுக்கலன்று அந்த எண்ணே விழுகிறது. மேடையில் அடிக்கட்டையை, அதாவது பெயர் எழுதி விற்றவர் கிழித்து வைத்துக்கொண்ட பாதியை, எடுத்துப் படிக்கிறார்கள்: "குமார் அண்ணன், செந்தூல்." கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது. அந்தக் குமார் அண்ணன் யாரென்று சீட்டை விற்றவருக்கும் நினைவில்லை. கோரும் காலம் முடிகிறது, பரிசு வேறு எண்ணுக்குப் போகிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கோயில், பள்ளி, நற்பணி மன்றம் நடத்தும் குலுக்கல்களில் பரிசு கைநழுவுவது பெரும்பாலும் இப்படித்தான். எண் விழாததால் அல்ல, விழுந்த எண் யாருடையது என்று காட்ட முடியாததால்.

அடிக்கட்டையில் எழுத வேண்டியது உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயர். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) உட்பட, தந்தை பெயரோடு, அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். நம்மில் பலருக்கு அட்டையில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் தந்தை பெயர் சுருங்கிய இன்னொரு வடிவம், வீட்டில் கூப்பிடும் பெயர் மூன்றாவது. பரிசு காசோலையாக வரும்போது இந்த வேறுபாடு இடிக்கும். காசோலையில் எழுதிய பெயரும் கணக்கின் பெயரும் பொருந்தாவிட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். கைப்பேசி எண்ணை எழுதிய பிறகு, விற்பவரை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அதிர்ஷ்டம் என்று நினைத்துப் பிள்ளையின் பெயரில் சீட்டு எடுக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். ஆறு வயது மகளின் பெயரில் தங்கச் சங்கிலி விழுந்தால், அவளுடைய பிறப்புப் பத்திரம், மைகிட் எனும் சிறுவர் அடையாள அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். "பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் மட்டும்" என்று சீட்டின் பின்னால் விதி அச்சிட்டிருந்தால் அதுவும் பலிக்காது. பெரியவர் பெயரில் எடுத்துவிட்டு, பரிசு வந்த பிறகு பிள்ளைக்குக் கொடுப்பதே சிக்கலில்லாத வழி.

அடுத்தது சீட்டைப் பாதுகாக்கும் விதம். அட்டையில் அச்சடித்த குலுக்கல் சீட்டு கொஞ்சம் தாங்கும். டோட்டோ, மேக்னம் போன்ற லாட்டரி நிறுவனங்களின் நம்பர் கடைச் சீட்டு வேறு வகை. அது வெப்பத்தால் அச்சாகும் காகிதம், அதில் மையே கிடையாது. சூடு பட்டால் காகிதம் கறுக்கும், எண்ணெயோ கைத்தூய்மித் திரவமோ பட்டால் எழுத்து தெரியாமல் போகலாம். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லேமினேட் செய்பவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தின் சூட்டில் உள்ளே போன சீட்டு கன்னங்கரேலென்று வெளியே வரும். பார்கோடும் தெரியாது, எண்ணும் தெரியாது. சாமி படத்தின் அடியில் வைப்பது இன்னொரு வழக்கம். விளக்கின் எண்ணெய் சொட்டும், குங்குமம் ஒட்டும், பக்கத்திலேயே கற்பூரம் எரியும். வேண்டிக்கொண்ட பிறகு சீட்டை எடுத்து, வெறும் காகித உறைக்குள் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், நாள்பட அதிலிருக்கும் ரசாயனமே எழுத்தை மங்கவைக்கும். வாங்கிய அன்றே முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வைத்தால், பிறகு எழும் கேள்விகளுக்கு உதவும். ஆனால் படத்தைக் காட்டிப் பணம் வாங்க முடியாது. அசல் சீட்டு இருந்தால்தான் பரிசு.

கால வரம்பை யாரும் படிப்பதில்லை. டோட்டோ, மேக்னம் சீட்டுகளுக்குக் குலுக்கல் நாளிலிருந்து ஆறு மாதம். சிறு தொகையைக் கடையிலேயே தருவார்கள். பெரிய தொகை என்றால் அடையாள அட்டையோடு நிறுவன அலுவலகத்துக்குப் போக வேண்டும். டோட்டோவின் தலைமை அலுவலகம் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரில், மேக்னத்தின் தலைமை அலுவலகம் ஜாலான் பூடுவில். சங்கங்கள் நடத்தும் குலுக்கலுக்கு அவரவர் வைத்ததே கெடு, முப்பது நாளோ அறுபது நாளோ. அது சீட்டின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும். குலுக்கல் தள்ளிப்போனால் கெடுவும் தள்ளிப்போகிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு, பதிலைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பர் கடையில் நடக்கும் ஒரு வாக்குவாதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாலு இலக்க எண்ணை 'பிக்' வகையில் ஒரு வெள்ளிக்கு எடுத்தால் முதல் பரிசு 2,500 வெள்ளி. 'ஸ்மால்' வகையில் 3,500. தொகை கூடுதலாக இருக்கிறதே என்று ஸ்மால் எடுப்பவர்கள், அது முதல் மூன்று பரிசுக்கு மட்டுமே என்பதை மறந்துவிடுகிறார்கள். பிக் வகையில் 180 வெள்ளியும் 60 வெள்ளியும் தரும் சிறப்பு, ஆறுதல் பரிசுகள் ஸ்மாலுக்குக் கிடையாது. தங்கள் எண் ஆறுதல் பட்டியலில் வந்ததைப் பார்த்துக் கவுண்டருக்குப் போய், இல்லை என்றதும் ஏமாற்றிவிட்டதாகக் கோபப்படுகிறார்கள். வாங்கும்போதே எந்த வகை என்று சீட்டில் பாருங்கள்.

கூட்டாக எடுத்த சீட்டுதான் உறவை முறிக்கும். தொழிற்சாலையில் ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு வெள்ளி போடுகிறார்கள், சீட்டு ஒருவர் பையில். பரிசு விழுந்ததும், "இது நான் தனியாக எடுத்தது, கூட்டுச் சீட்டு வேறு" என்கிறார். நடத்துபவர்கள் சீட்டைக் கொண்டுவருபவருக்குத்தான் தருவார்கள். மற்ற நால்வரின் பங்கு அவர்கள் வேலை அல்ல. ஆகவே குலுக்கலுக்கு முன்பே ஒரு தாளில் சீட்டு எண், குலுக்கல் தேதி, ஐவரின் முழுப்பெயர், ஆளுக்கு எத்தனை வெள்ளி, பரிசு வந்தால் எப்படிப் பிரிப்பது என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைப் படமெடுத்து ஐவரின் கைப்பேசிக்கும் அனுப்புங்கள். குலுக்கலுக்குப் பிறகு எழுதும் தாளை யாரும் நம்ப மாட்டார்கள். சீட்டின் படத்தை முகநூலில் போடவே போடாதீர்கள். எண்ணும் பெயரும் ஒன்றாகத் தெரிந்தால் மோசடிக்காரனுக்கு உங்களை அழைக்க அதுவே போதும்.

பொருளாகக் கிடைக்கும் பரிசுக்குச் செலவு உண்டு. மோட்டார் சைக்கிள் விழுந்தால் பதிவு, காப்புறுதி, சாலை வரி யார் பொறுப்பு? சில ஏற்பாட்டாளர்கள் வண்டியை மட்டும் தருவார்கள். யாரோ நன்கொடையாகத் தந்த பழைய வண்டி என்றால், அதன் மேல் வங்கிக் கடன் மிச்சமில்லை என்பதற்கான கடிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சாவி கையில், பெயர் மாற்றம் மட்டும் நடக்காமல் மாதக்கணக்கில் வாசலில் நிற்கும் வண்டியால் யாருக்கும் பயனில்லை. தங்கமாக இருந்தால் 916 (22 காரட்) முத்திரையையும் எடை குறித்த ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. 1952 ஆம் ஆண்டின் லாட்டரிச் சட்டப்படி, பொதுமக்களுக்குச் சீட்டு விற்க அனுமதி வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கென்று 1947 ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது, அதற்குப் போலீஸ் அனுமதி தேவை. சீட்டில் சங்கத்தின் பதிவுப் பெயர், அனுமதி எண், குலுக்கல் நடக்கும் இடம், தேதி, பரிசுப் பட்டியல் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். அனுமதியில்லாத குலுக்கலில் பரிசு தராமல் ஏமாற்றினால், அந்தச் சீட்டைக் காட்டி உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பள்ளிக்கோ கோயிலுக்கோ உதவத்தான் வேண்டும் என்றால் நேரடியாக நன்கொடை கொடுங்கள். வருமான வரிக் கழிவும் அதற்குத்தான். அங்கீகாரம் பெற்ற அமைப்பு தரும் அதிகாரப்பூர்வ நன்கொடை ரசீதே கணக்கில் சேரும். குலுக்கல் சீட்டு அந்த ரசீது ஆகாது.

பினாங்கில் நம்மோடு பழகும் தமிழ் முஸ்லிம் நண்பர்களிடம் சீட்டை நீட்டாதீர்கள். அவர்களுக்கு இது விலக்கப்பட்டது, ஷரியா சட்டப்படி குற்றமும்கூட. "உங்கள் பெயரில் எடுத்துக்கொள்கிறேன்" என்று யார் கேட்டாலும் உங்கள் பெயரைக் கொடுக்காமலும் இருங்கள்.

நடத்துபவர்களுக்கும் சில வார்த்தைகள். விற்காத சீட்டுகளின் அடிக்கட்டையைக் குலுக்கலுக்கு முன் எண்ணிப் பிரித்து, "விற்கவில்லை" என்று முத்திரை குத்தி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு கட்டி வையுங்கள். இல்லையென்றால் விற்காத சீட்டுக்கே முதல் பரிசு விழலாம். பத்துப் பத்தாகப் பின் அடித்த அடிக்கட்டைகளை அப்படியே பெட்டிக்குள் கொட்டுவது பெரிய தவறு. பின் மாட்டிய கட்டு பிரியாமல் மூலையில் கிடக்கும், சீட்டு எடுக்க அழைத்த குழந்தையின் கை அதையே தொடும். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரே அளவில் மடித்து, பெட்டியை மக்கள் முன்னால் நன்றாகப் புரட்டுங்கள்.

கடைசியாக, கேட்கும்போதே மனம் பதறும் ஒன்று. "வெளிநாட்டு அறவாரியத்தின் குலுக்கலில் உங்கள் எண்ணுக்குப் பரிசு. வரியும் கையாளும் கட்டணமும் 1,800 வெள்ளி கட்டினால் நாளைக்கே பணம் வரும்." இப்படி அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள். மலேசியாவில் தனிநபருக்கு லாட்டரிப் பரிசுக்கு வருமான வரி கிடையாது. பரிசை விடுவிக்க வருமான வரி வாரியம் யாருடைய தனிக் கணக்கிலும் பணம் கட்டச் சொல்லாது. வாங்காத சீட்டுக்குப் பரிசும் கிடையாது. அவர்கள் தரும் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அங்கே அந்தக் கணக்கு வராததால் அது நல்ல கணக்கு என்று ஆகிவிடாது, புதிதாகத் திறந்த கணக்காக இருக்கலாம். பணம் அனுப்பிவிட்டிருந்தால் நேரத்தை வீணாக்காமல் 997 எண்ணுக்கு அழையுங்கள். அது தேசிய மோசடி நடவடிக்கை மையம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள், அதற்கு ஒவ்வொரு நிமிடமும் தேவை. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: அனுப்பிய தொகை, நேரம், பெற்றவரின் கணக்கு எண், வங்கிப் பெயர், பரிமாற்ற எண். அழைத்து முடித்ததும் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கும் ஒரு நாளில் அந்தப் பணம் நாலைந்து கணக்கு தாண்டிப் போயிருக்கும்.