இடுப்பு எலும்பு முறிவுக்கு ஒரு வார்டுப் பதிவேடு: தொடங்குவது எப்படி?

இடுப்பு எலும்பு முறிந்து வருபவர்களுக்கு உங்கள் வார்டில் எத்தனை நாளில் அறுவை சிகிச்சை நடக்கிறது? கேட்டால் எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். என்னிடமும் இருந்தது: "இரண்டு, மூன்று நாளில் முடிந்துவிடும்." எலும்பு முறிவு வார்டில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஓர் இரவுப் பணியில் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து, வந்த நேரத்தையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நேரத்தையும் மட்டும் எழுதிப் பார்த்தேன். நான்கு நாள், ஆறு நாள், ஒன்பது நாள் என்று வந்தது. சீக்கிரம் முடிந்தவர்கள் மட்டுமே என் நினைவில் தங்கியிருந்தார்கள்.

அன்று தொடங்கிய பதிவேட்டை எப்படி நடத்துகிறோம் என்பதை இதே வேலையில் இருக்கும் சிஸ்டர்களுக்காகவும் பயிற்சி மருத்துவர்களுக்காகவும் எழுதுகிறேன். கணினி தேவையில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று போதும்.

முதலில், யாரை எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். நாங்கள் 60 வயதைத் தாண்டியவர்களில், நின்ற இடத்தில் தடுக்கியோ வழுக்கியோ விழுந்து இடுப்புப் பகுதியில் எலும்பு முறிந்து வரும் ஒவ்வொருவரையும் எழுதுகிறோம். "ஒவ்வொருவரையும்" என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அறுவை வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாட்டுக் கட்டுக்குப் போனவர், மயக்க மருந்து தாங்காது என்று திருப்பி அனுப்பப்பட்டவர், காத்திருந்த நாட்களிலேயே இறந்துபோனவர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். இவர்களை விட்டுவிட்டால் கணக்கு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

அடுத்தது நேரம். கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? எங்கள் வார்டில் முதலில் வார்டுக்கு வந்த நேரத்தை எழுதினோம். அது தவறு. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஸ்ட்ரெச்சர் நுழைந்த நேரம்தான் தொடக்கம். எக்ஸ்ரேக்கும் படுக்கைக்கும் காத்துக் கிடந்த நேரமும் நோயாளி வலியோடு கிடந்த நேரம்தானே. விழுந்த நாளைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். வீட்டிலேயே எண்ணெய் தடவிப் பார்த்துவிட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்பது அதில் தெரியும்.

இலக்காக 36 மணி நேரத்தை வைத்துக்கொண்டோம். இங்கிலாந்தில் 2007இல் தேசிய இடுப்பு எலும்பு முறிவுப் பதிவகம் தொடங்கியது. 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் அறுவை, முதியோர் மருத்துவர் வந்து பார்ப்பது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை என்று அரசு வைத்தது. 2007க்கும் 2011க்கும் இடையில் அங்கே 30 நாளுக்குள் இறப்பவர்கள் 10.9 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தார்கள். அதைவிட வேகமாக, ஆறு மணி நேரத்தில் செய்தால் உயிர் பிழைப்பது கூடுமா என்று 17 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. வழக்கம்போல் சுமார் ஒரு நாளில் செய்ததோடு ஒப்பிட்டால் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே நள்ளிரவில் தியேட்டரைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டியதில்லை. மறுநாள் காலைப் பட்டியலில் முதல் பெயராக இவர்கள் இருக்கட்டும்.

பதிவேட்டின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "தாமதக் காரணம்" என்ற கட்டத்தைத்தான் காட்டுவேன். அதில் "ஃபிட்னஸ் (அறுவையைத் தாங்குவார் என்ற மருத்துவரின் ஒப்புதல்) கிடைக்கவில்லை" என்று எழுத விடாதீர்கள். அது காரணமே அல்ல. எதற்காக, யாருக்காக, எத்தனை மணி நேரம் என்று எழுதச் சொல்லுங்கள். "எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை." "ரத்தம் கொடுக்க ஆள் இல்லை." "மகன் துபாயிலிருந்து வரட்டும் என்றார்கள்." இப்படி எழுதிய இரண்டே மாதத்தில் எங்களுக்கு வழி தெரிந்தது. தாமதத்துக்குப் பெரிய காரணம் எக்கோ. அதற்காக மட்டும் அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் மயக்க மருந்து மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. நோட்டைத் திறந்து காட்டினேன். எங்கள் மயக்கவியல் மருத்துவர், யாருக்கு உண்மையிலேயே எக்கோ தேவை என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மகனுக்காகக் காத்திருப்பதையும் பேசித் தீர்க்கலாம். தெளிவாகப் பேசும் பெண்மணி தன் காலுக்கான ஒப்புதலில் தானே கையெழுத்துப் போடலாம்.

பட்டினி நேரத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். இதை யாரும் அளப்பதில்லை. ஓர் ஆச்சி, எண்பது வயதைத் தாண்டியவர், முந்தைய இரவு பத்து மணியிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்தார். மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. நான் போனபோது உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, தொண்டை மட்டும் நனைந்தால் போதும்" என்றார். அன்று இரவு மறுபடியும் பட்டினி. மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் கொடுக்கலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் கொடுக்கவில்லை. இப்போது பட்டினி மணிக்கணக்கு கட்டில் தலைமாட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. தியேட்டரிலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் அதைப் படித்துக் காட்டுகிறோம்.

இந்த நோயாளிகளுக்குத் திடீரென்று வரும் மனக் குழப்பத்தை அளக்க நான்கே கேள்விப் பகுதிகள் கொண்ட 4ஏடி (4AT) சோதனை போதும். விழிப்பு எப்படி, வயதும் இடமும் சொல்கிறாரா, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா, திடீர் மாற்றம் உண்டா என்று பார்த்து மதிப்பெண் போடுவது. நான்கோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ஆனால் நம் ஆச்சிகளிடம் டிசம்பர், நவம்பர் என்று கேட்டால் எப்படி? நாங்கள் பங்குனியில் தொடங்கி மாசி, தை என்று கேட்கிறோம். பிறந்த தேதி பலருக்கு எப்போதுமே தெரியாது. அதைக் குழப்பமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "நேற்று வரை இப்படித்தான் பேசினாரா?" என்று மகளையோ மருமகளையோ கேளுங்கள். அந்தப் பதில் எல்லாவற்றையும்விடப் பெரியது.

மற்றவை சுருக்கமாக: வந்ததும் நரம்பு மரத்துப்போக ஊசி போட்டார்களா, அறுவைக்கு மறுநாள் எழுப்பி நிற்க வைத்தோமா, படுக்கைப் புண் வந்ததா. காலில் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைகிறது என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை; நாங்கள் அதை விட்டுவிட்டோம். எலும்பு மருந்தை மட்டும் மறக்கவே கூடாது. கம்பி வைத்து அனுப்பிவிட்டு, எலும்பு ஏன் முறிந்தது என்பதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த இடுப்போடு வருவார்கள். அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் சோலெட்ரானிக் அமிலம் என்ற எலும்பு மருந்தை ஊசியாகக் கொடுத்தவர்களிடம் இறப்பு 28 சதவீதம் குறைந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. அது எல்லோருக்கும் ஏற்றதல்ல. சிறுநீரகச் செயல்பாட்டையும் கால்சியம் அளவையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் சராசரி போடாதீர்கள். இருபது நாள் காத்திருந்த ஒருவர் சராசரியையே இழுத்துவிடுவார். மணி நேரங்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். அதை ஒரு புள்ளியாகச் சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில் வையுங்கள். எதையாவது மாற்றிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு மாதம் புள்ளி மேலே போனால் யாரையும் திட்டாதீர்கள். பயந்தவர்கள் நேரத்தை மாற்றி எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசிக் கட்டம் தொலைபேசி. 30ஆம் நாளும் 120ஆம் நாளும் கூப்பிடுகிறோம். டிஸ்சார்ஜ் அன்றே இரண்டு எண்கள் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று கூட இருந்து பார்த்துக்கொள்பவருடையதாக. கேட்பது மூன்றுதான்: இருக்கிறாரா, எங்கே இருக்கிறார், எப்படி நடக்கிறார். மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுப்பார்கள். அந்த ஆச்சியின் மருமகள் எடுத்தபோது பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்துவிட்டார், சிஸ்டர். பேசுகிறீர்களா?" என்றார். பேசினேன். பிறகு கட்டத்தில் எழுதினேன்: வீட்டில், வாக்கருடன், மாத்திரை சாப்பிடுகிறார்.