மவுஸ் பிடித்த கையோடு ட்ராக்பேடுக்கு வராதீர்கள்

திருகோணமலையில் எனக்குத் தெரிந்த பலர் லப்டொப் வாங்கிய அன்றைக்கே மவுஸையும் குத்திவிடுகிறார்கள். கேட்டால் ட்ராக்பேட், அதாவது கீபோர்டுக்குக் கீழே விரலால் தேய்க்கும் பலகை, சரிவராது என்பார்கள். பெரும்பாலும் குறை ட்ராக்பேடில் இல்லை, மவுஸ் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்து அதன்மேல் வைப்பதில்தான் இருக்கிறது.

எல்லாரும் செய்யும் தவறு அழுத்துவது. கர்சரை நகர்த்தும்போது ட்ராக்பேட் விரலின் பாரத்தைப் பார்ப்பதில்லை, விரல் பட்ட இடத்தில் மின்புலம் மாறுவதைத்தான் உணர்கிறது. அதனால் பலமாகத் தேய்த்தால் கர்சர் வேகமாக ஓடாது, விரல்தான் இழுபட்டு நிற்கும். கிளிக் செய்யவும் மெல்லத் தட்டினால் போதும். மேக்புக்கில் இந்தத் தட்டும் வசதி ஆரம்பத்தில் அணைந்திருக்கும், செட்டிங்ஸில் ட்ராக்பேட் பகுதிக்குப் போய் 'டேப் டு கிளிக்'கை ஒன் பண்ணுங்கள். இல்லை, எனக்கு அழுத்தினால்தான் வரும் என்கிறவர்கள் கீழ்ப்பாதியில் அழுத்துங்கள். பல லப்டொப்களில் பலகையின் மேல்விளிம்பு கீல் போட்டதுபோல் பிடித்திருக்கும், அங்கே எவ்வளவு அமுக்கினாலும் அசையாது.

அடுத்தது ஒற்றை விரல். ரைட் கிளிக்குக்கு மூலையைத் தேடாதீர்கள், இரண்டு விரலால் ஒரே நேரத்தில் தட்டுங்கள். பக்கத்தை நகர்த்தவும் இரண்டு விரல்தான், ஓரத்தில் இருக்கும் மெல்லிய பட்டையைப் பிடித்து இழுக்கத் தேவையே இல்லை. பக்கம் தலைகீழாக ஓடுவதாகத் தோன்றினால் கொஞ்ச நாள் பொறுங்கள், அது போனில் பழகிய திசைதான். அப்படியும் பிடிக்காவிட்டால் மாற்றலாம், ஆனால் மேக்கில் மாற்றினால் மவுஸின் திசையும் சேர்ந்தே மாறிவிடும்.

பலர் கைவிடுவது பைலை இழுத்து வேறிடத்தில் போடும்போதுதான். ஒரே விரலால் அழுத்திக்கொண்டே இழுக்கப் பார்க்கிறார்கள், பாதி வழியில் இடம் முடிந்துவிடுகிறது. ஒரு கையின் பெருவிரலால் கீழ்விளிம்பை அழுத்திப் பிடியுங்கள், மற்றக் கையின் சுட்டுவிரலால் இழுங்கள், இடம் முடிந்தால் சுட்டுவிரலை மட்டும் தூக்கித் திரும்ப வைக்கலாம், பைல் கைநழுவாது. விண்டோஸில் இன்னொரு வழி, இருமுறை தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் நகர்த்துவது. இதைப் பழகியவர்கள் மவுஸைத் தேடுவது உண்மையிலேயே குறைந்துவிடும்.

டைப் பண்ணும்போது கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறதா? உள்ளங்கை படுகிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் டச்பேட் (அங்கே ட்ராக்பேடுக்கு அதுதான் பெயர்) பகுதியில் சென்சிட்டிவிட்டியை ஒரு படி குறையுங்கள்.

அப்புறம் நம்மூர் வெக்கை. மத்தியானத்தில் விரல் வியர்த்திருக்கும், ஈரம் பட்டால் கர்சர் துள்ளும், தட்டுவது சில நேரம் பதியாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டாலும் விரல் சீராக ஓடாது. பருத்தித் துணியால் கையையும் பலகையையும் துடைத்துவிட்டுப் பாருங்கள், பழுது என்று நினைத்தது பல நேரம் அதோடு போய்விடும்.

சார்ஜர் குத்தியிருக்கும்போது மட்டும் கர்சர் நடுங்குகிறதென்றால் அது உங்கள் விரலின் குறை இல்லை. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால், எர்த் இல்லாத இரண்டு கால் பிளக்கிலோ மலிவான சார்ஜரிலோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எர்த் சரியாக உள்ள பிளக்கில் மூன்று கால் வயரோடு குத்திப் பார்க்காமல் ட்ராக்பேடை மாற்றக் கொடுத்துவிடாதீர்கள், காசும் போகும், நடுக்கமும் நிற்காது.