குடலில் ஊடுருவிய எண்டோமெட்ரியோசிஸ்: அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, வயிற்றறைச் சவ்வுக்குக் கீழே 5 மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவி வளர்ந்தால் அதை ஆழமான எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். குடலில் அது பெரும்பாலும் மலக்குடலையும் அதற்கு மேலுள்ள சிக்மாய்டு பகுதியையும் பிடிக்கிறது. மாதவிலக்கு நாட்களில் மலம் கழிக்கும்போது தாங்க முடியாத வலி ஏற்படுவது இதன் முக்கிய அறிகுறி.

அறுவை சிகிச்சை தேவையா என்பதை முதலில் தீர்மானியுங்கள். இது புற்றுநோய் அல்ல. டயனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகளால் வலி அடங்கி, குடலும் தடையின்றி இயங்கினால், ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்பதற்காக மட்டும் அதை அகற்ற வேண்டியதில்லை. குடல் அடைபடத் தொடங்கினாலோ, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் குழாய் நெரிபட்டாலோ தாமதிக்கக் கூடாது. குழாய் நெரிபட்டால் வலியே இல்லாமல் ஒரு சிறுநீரகம் செயலிழக்கக்கூடும் என்பதால், சிறுநீரகங்களையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து நோயின் பரப்பை அளக்க வேண்டும். இந்தத் திசு குடலின் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கி வளர்வதால் உட்பரப்பு பெரும்பாலும் சேதமின்றியே இருக்கும். ஆகவே ஆசனவாய் வழியே கேமராக் குழாயைச் செலுத்திக் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் குடலில் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்நோயைப் பார்த்துப் பழகியவர் செய்யும் பிறப்புறுப்பு வழி அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுமே இதற்கு உதவும். கட்டியின் நீளம், அது குடற்சுவரில் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது, குடலின் சுற்றளவில் எவ்வளவு பகுதியைப் பிடித்திருக்கிறது, ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது, வேறு கட்டிகளும் உள்ளனவா ஆகிய விவரங்கள் இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு நாள் குறிப்பது அவசரம் என்றே சொல்வேன்.

ஏனெனில் அறுவை முறையைத் தீர்மானிப்பவை இந்த அளவுகளே. குடலைத் திறக்காமல், சுவரின் மேலிருந்து கட்டியைச் சீவியெடுப்பது முதல் முறை. இதில் சிக்கல்கள் குறைவு, ஆனால் நோய்த்திசு சிறிது மிஞ்சக்கூடும். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வரையுள்ள ஒற்றைக் கட்டியை அது ஊடுருவிய சுவர்ப்பகுதியோடு வட்டமாக வெட்டியெடுத்து மூடுவது இரண்டாவது. கட்டி பெரிதாக இருந்தாலோ, பலவாக இருந்தாலோ, குடல் குறுகிப் போயிருந்தாலோ அந்தத் துண்டையே நீக்கி இரு முனைகளையும் இணைப்பது மூன்றாவது. முழுத்துண்டையும் எடுத்துவிடுவதே நல்லது என்ற எண்ணம் பலருக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் பிரான்சில் 60 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் குடலின் செயல்பாட்டில் துண்டு நீக்கியவர்களுக்கும், முதல் இரு முறைகளில் குடலைக் காத்து அறுவை செய்துகொண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

மகப்பேறு மருத்துவரோடு பெருங்குடல் அறுவை நிபுணரும் சேர்ந்து செய்யும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். இத்தகைய அறுவைகளை ஆண்டுக்கு எத்தனை செய்கிறார்கள், இணைப்பில் கசிவு எத்தனை பேருக்கு ஏற்பட்டது, சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளை எப்படிக் காப்பார்கள் என்று கூச்சமின்றிக் கேளுங்கள்; பதில் சொல்லத் தயங்குமிடத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெறுவது உங்கள் உரிமை. கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தால் தற்காலிகமாக வயிற்றில் மலவழி (மலம் ஒரு பைக்குள் வெளியேற வயிற்றுச் சுவரில் செய்யும் திறப்பு) வைக்க நேரலாம். அதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்பதை மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே பேசி எழுதிவைக்க வேண்டும். குழந்தை வேண்டுமெனில், சூலகத்திலும் இந்நோயின் கட்டிகள் இருந்து அவற்றை அகற்றும்போது கருமுட்டை இருப்பு குறையக்கூடும் என்பதால், அந்த இருப்பை மதிப்பிட உதவும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையையும் கருத்தரிப்பு நிபுணரின் ஆலோசனையையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பிந்தைய நாட்களில் காய்ச்சல், குறையாமல் கூடிவரும் வயிற்று வலி, சிறுநீர் கழிக்க முடியாமை, பிறப்புறுப்பு வழியே மலமோ காற்றோ வெளியேறுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனே கருத்தரிக்கும் எண்ணம் இல்லாதவர்கள், நோய் திரும்புவதைக் குறைக்க ஹார்மோன் மாத்திரைகளைத் தொடர்வது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.