விமான நிலையத் திட்டம் மதில்சுவரோடு முடிவதில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது டெர்மினல், ஓடுபாதை நீட்டிப்பு, கார் நிறுத்துமிடம், சரக்கு முனையம். இவற்றில் எது முதலில், எவ்வளவு செலவு, பணம் எங்கிருந்து என்று ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே முடிவு செய்வதைத்தான் மூலதனத் திட்டமிடல் என்கிறோம். தமிழ்நாட்டு விமான நிலையங்களில் இதில் நடந்த தவறுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. வரைபடம் மதில்சுவரோடு நின்றுவிடுகிறது. சுவருக்கு வெளியே இருக்கும் ஆறு, சாலை, வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் வேறு துறையின் வேலை ஆகிவிடுகின்றன. அந்தச் செலவு அதனால் இல்லாமல் போய்விடாது. சென்னை நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரிலும் கொளப்பாக்கத்திலும், மதுரை நிலையத்தை ஒட்டிய சின்ன உடைப்பிலும் இருப்பவர்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பணம் வரும் வழியே இப்படி அமைந்திருக்கிறது. சென்னை போன்ற பெரிய நிலையங்களின் கட்டணத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிப்பது ‘ஏரா’ எனப்படும் விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். நிலையம் போடும் முதலீடு அந்தக் கணக்கில் ஏறி, பயனர் மேம்பாட்டுக் கட்டணமாக நம் டிக்கெட்டில் வந்து உட்காரும். பெரிய வேலைகளுக்கு முன் விமான நிறுவனங்கள் உள்ளிட்ட பயனர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் பக்கத்து ஊர்க்காரர் அந்தக் கணக்கில் ‘பயனர்’ இல்லை. ஆகவே கண்ணாடிச் சுவருக்குப் பணம் கிடைக்கிற அளவுக்கு, சுவருக்கு வெளியே போகும் மழைநீர்க் கால்வாய்க்குக் கிடைப்பதில்லை.

தண்ணீரைக் கடைசியில் பார்ப்பது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இது என்பேன். மீனம்பாக்கத்தில் இடம் போதாமல், இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினார்கள். பொறியியலாகப் பார்த்தால் அது சாதனைதான். ஆனால் 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்தும் தண்ணீர் திறந்துவிட, ஆறு கரை மீறி ஓடுபாதைக்குள் வந்தது. நிலையத்தைப் பல நாள்கள் மூட வேண்டியதாயிற்று. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் ஓட்டி மக்களை அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று, நிலையத்தை மூடினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 33 லாரிக்கு மேல். மண்ணாகவோ வயலாகவோ இருந்தால் அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும், இன்னொரு பங்கு மெதுவாக வடியும். கான்கிரீட் போட்ட ஏக்கரிலிருந்து ஏறக்குறைய முழுவதும் உடனே ஓடிவரும். ஓடுபாதை, அதற்கு விமானம் ஊர்ந்து போகும் டாக்ஸிவே, விமானம் நிறுத்தும் தளம், டெர்மினல் கூரை என்று நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் எந்தத் தெருப் பக்கம் வெளியேறுகிறது என்ற கேள்விக்குத் திட்ட அறிக்கையிலேயே பதில் இருக்க வேண்டும்.

பலரும் தவறவிடும் இன்னொரு விஷயம் வடிகாலின் வாய். உள்ளே எவ்வளவு பெரிய கால்வாய் வெட்டினாலும், அது ஆற்றில் சேரும் இடத்தின் மட்டம் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஆற்றுத் தண்ணீர்தான் திரும்பி உள்ளே ஏறும். “ஆறு நிரம்பி ஓடும் நாளில் உங்கள் வடிகால் எப்படி வடியும்?” என்று மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். மழைநீர் வடிகால் அமைக்கப்படும் என்ற ஒற்றை வரியைப் பதிலாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் திட்டமிட்டிருக்கும் பரந்தூரில் இதே கேள்வி இன்னும் பெரிதாக நிற்கிறது. திட்டப் பகுதிக்குள் ஏரிகள் இருக்கின்றன, கம்பன் கால்வாய் குறுக்கே போகிறது. ஏரியை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் அதே கொள்ளளவுக்கு ஒன்று வெட்டித் தருவோம் என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நம் ஊர் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் கிடையாது. மேல் ஏரியின் கலங்கலில், அதாவது உபரிநீர் வெளியேறும் வாயில், வழியும் தண்ணீர் கீழ் ஏரியின் வரத்துக்கால்வாயில் போய்ச் சேரும். நடுவில் ஒன்றை அடைத்தால் கீழே உள்ள ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், காயும், மேலே உள்ள ஊர் மூழ்கும். கொள்ளளவை மட்டும் ஈடுகட்டும் எந்தத் திட்டமும் அரைகுறைத் திட்டம்தான்.

நிலத்தை அறிவித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது

கோவையிலும் மதுரையிலும் விரிவாக்க நிலம் எடுக்கும் பேச்சு தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. மீனம்பாக்கத்தில் ஒரு காலத்தில் மணப்பாக்கம், கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் பக்கம் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். எதிர்ப்பு வந்தது, கடைசியில் அதில் சிறு பகுதியோடு நின்றது. கோப்பில் பார்ப்பவருக்கு இது வெறும் தாமதம். அந்த சர்வே எண்ணுக்குள் வீடு வைத்திருப்பவர் நிலை வேறு. நிலத்தை விற்கலாம் என்றால் வாங்க வருகிறவர் விமான நிலையம் வருகிறதாமே என்று திரும்பிவிடுவார். அடமானம் வைக்கப் போனால் வங்கி தயங்கும். கூரை ஒழுகினாலும், எப்படியும் இடிக்கப்போகும் வீட்டுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று தார்ப்பாய் போட்டுக்கொண்டு இருப்பார். மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த அரை ஏக்கர் எதற்கும் உதவாமல் கிடக்கும். இத்தனைக்கும் இழப்பீட்டுக் கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. பணமும் மீள்குடியமர்வு இடமும் கையில் இல்லாமல் சர்வே எண்களை அறிவிக்கக் கூடாது. அறிவித்தால் காலக்கெடு வேண்டும். கெடு தாண்டினால் நிலம் தானாக விடுபட வேண்டும். வரிசையும் முக்கியம்: மாற்று இடத்தில் சாலை, தண்ணீர், பள்ளிக்கூடம் தயாரான பிறகுதான் பழைய ஊரில் இயந்திரம் இறங்க வேண்டும். 2024 நவம்பரில் சின்ன உடைப்பு மக்கள் வீடுகளை விட்டுப் போக மறுத்துப் போராடியபோது கேட்டதும் அதுதான், முதலில் மாற்று இடம் கொடுங்கள் என்று.

டெர்மினலைக் கட்டி, மற்றதைப் பிறகு பார்ப்பது

திருச்சியின் புது முனையம் ₹1,112 கோடியில் கட்டி, 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறக்கப்பட்டு, ஜூன் மாதம் பயணிகளுக்கு வந்தது. அழகான கட்டடம், கோபுர ஓவியங்களோடு. ஆனால் ஓடுபாதை அதே 2,480 மீட்டர். அதை நீட்டி, பெரிய அகல விமானங்களைத் தாராளமாக இறக்கத் தேவையான நிலம் கைக்கு வருவதற்கு முன்பே கட்டடம் முடிந்துவிட்டது. முனையமே வேண்டியிருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பழைய முனையத்தில் நெரிசல் தாங்கவில்லை. ஆனால் ஓடுபாதை, முனையம், வெளிச்சாலை மூன்றும் ஒரே அட்டவணையில் இருக்க வேண்டும். ஒன்று நிரம்பும்போது மற்றது காலியாகக் கிடந்தால் போட்ட பணம் தூங்குகிறது என்று அர்த்தம்.

மதுரையில் ஓடுபாதையை நீட்டினால் ரிங் ரோடு குறுக்கே வரும் என்பது வரைபடத்தை விரித்த முதல் நாளே தெரிந்திருக்கும். சாலையைச் சுற்றி விடுவதா, ஓடுபாதைக்கு அடியில் சுரங்கமாக விடுவதா, அதற்கு மாநில அரசு கொடுப்பதா, விமான நிலைய ஆணையம் கொடுப்பதா என்பதிலேயே ஆண்டுகள் போயின. வெளிச்சாலைக்கு யார் பணம் கொடுப்பது என்று எழுதாத திட்டத்தை ஒப்புதலுக்கே அனுப்பக் கூடாது. சென்னையில் 2022 டிசம்பரில் அடுக்குமாடிக் கார் நிறுத்தம் திறந்ததும் ஆப் டாக்ஸிகளை அங்கே மாற்றினார்கள். பெட்டியும் குழந்தையுமாக வெளியே வருகிறவர் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அல்லது பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பயணியின் காலடியை யாராவது ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் வரைபடத்திலேயே தெரிந்திருக்கும்.

பராமரிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2013-இல் திறந்த சென்னை முனையங்களில் கண்ணாடியும் உள்கூரைப் பலகையும் எத்தனை முறை விழுந்தன என்பது நாம் செய்தியில் படித்துச் சலித்த கதை. கட்டும் செலவோடு இருபதாண்டு பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் காட்டாத மதிப்பீட்டை நம்ப வேண்டாம்.

ஒரே வளர்ச்சிக் கோட்டை நம்புவது

பயணிகள் எண்ணிக்கை இப்போது ஏறுகிற வேகத்தில் ஏறிக்கொண்டே போகும் என்று கோடு போட்டு அதன்மேல் கட்டுவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரம், டி.டபிள்யூ.ஏ. என்ற விமான நிறுவனத்தின் போக்குவரத்தை நம்பி 100 கோடி டாலருக்கு மேல் செலவில் புது ஓடுபாதை போட்டது. அதற்காக பிரிட்ஜ்டன் என்ற பக்கத்து ஊரில் ஏறத்தாழ 2,000 வீடுகள் போயின. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ.வை வாங்கியது, 2003-இல் அங்கிருந்து பெருமளவு விமானங்களை எடுத்துவிட்டது. ஓடுபாதை திறந்தது 2006-இல்.

கனடாவின் மொன்ட்ரியாலுக்கு வெளியே மிராபெல் இன்னும் கொடுமை. சுமார் 97,000 ஏக்கர் எடுத்து 1975-இல் திறந்தார்கள். பழைய டோர்வால் நிலையத்தையும் மூடவில்லை. நகரத்திலிருந்து மிராபெலுக்குப் போட வேண்டிய ரயிலும் வரவில்லை. மக்கள் டோர்வாலையே விரும்பினார்கள். 2004-இல் மிராபெலில் பயணிகள் விமானம் நின்றது, பிறகு முனையத்தையே இடித்தார்கள். எடுத்த நிலத்தில் பெரும்பகுதியை 1980-களிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மீனம்பாக்கமும் பரந்தூரும் சேர்ந்தே இயங்கும் என்கிறது அரசு. அப்படியானால் எந்த விமானம் எங்கே, யார் எதற்காக அவ்வளவு தூரம் போவார் என்பது இப்போதே எழுதப்பட வேண்டும். பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்குப் போகும் மெட்ரோவின் முதல் கட்டமே சுங்குவார்சத்திரம் வரைதான். ஆண்டை வைத்துக் கட்டம் பிரிக்காமல், பயணிகள் எண்ணிக்கை இவ்வளவைத் தொட்டால் இந்த வேலை தொடங்கும் என்று பிரிப்பது நல்லது. அப்போதுதான் தேவை வராத கட்டத்துக்காக ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்காது.

சத்தமும் உயரமும்

அமெரிக்காவின் மினியாபொலிஸில் பழைய நிலையத்தையே விரிக்க 1996-இல் முடிவானபோது, சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சத்தம் தடுக்கும் சன்னலும் கதவும் போடும் வேலை விமான நிலையச் செலவாகவே நடந்தது. நம் வெயிலில் சன்னலை அடைத்துக்கொண்டு ஏசி இல்லாமல் இருக்க முடியாது. அதனால் அதை அப்படியே காப்பி அடிக்காமல், விமானம் இறங்கும் பாதைக்குக் கீழே உள்ள பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தொடங்கி, மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சராசரி டெசிபெல் மட்டும் காட்டும் அறிக்கை போதாது. இரவு 2 மணிக்குத் தூக்கத்தைக் கெடுப்பது சராசரி அல்ல, ஒரே ஒரு விமானத்தின் சத்தம்.

எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் விமான நிலைய ஆணையத்தின் வண்ண மண்டல வரைபடம் இருக்கிறது. அதை உள்ளாட்சியும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வும் வரைபட அனுமதி கொடுக்கும் மேசையிலேயே பார்க்க வேண்டும். மாடி எழும்பிய பிறகு நோட்டீஸ் விட்டால், கடன் வாங்கிக் கட்டியவருக்கும் நஷ்டம், ஓடுபாதையின் பயன்படும் நீளமும் குறையும்.

எல்லாம் முடிவான பிறகு ஊரைக் கூப்பிடுவது

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின்படி அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வேண்டும், கருத்துக் கேட்புக்கு 30 நாள் அவகாசம் வேண்டும். சுருக்கம் வரும், சரி. ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எந்த சர்வே எண் போகும் என்பதெல்லாம் ஆங்கில முழு அறிக்கையின் இணைப்புகளில்தான் கிடக்கும். ஓடுபாதையின் திசையைத் தீர்மானிப்பதற்கு முன்பே, இரண்டு மூன்று மாற்று வரைபடங்களோடு கிராம சபைக்கு வர வேண்டும். பரந்தூர் திட்டப் பகுதியில் உள்ள ஏகனாபுரம் கிராம சபை மறுபடி மறுபடி எதிர்ப்புத் தீர்மானம் போட்டதை இடைஞ்சலாகப் பார்க்கிறவர்கள், எந்த மதகு எந்த வயலுக்குப் பாய்கிறது என்று தெரிந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும். சர்வே எண், வடிகால் பாதை, வெள்ள மட்டம் மூன்றும் குறித்த தமிழ் வரைபடத்தை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஆட்சியர் ஓர் உத்தரவு போட்டால் போதும்.