வளவுக் குசினிக்குக் கிறில் பதிப்பது: முதலில் பெட்டி, பிறகுதான் செங்கல்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்வளவில், கிறில் என்கிற இறைச்சி சுடும் பெட்டியைச் செங்கல் சுவருக்குள் பதித்து, திறந்த குசினி ஒன்று கட்டினேன். கட்டினேன் என்று சொன்னாலும் கட்டியது மேசன் மாமா. குழப்பியது நான். ஒரே சுவரை இரண்டு தரம் எழுப்பினோம். உங்கள் சுவரை ஒரு தரத்தோடு முடிக்கத்தான் இந்தப் பதிவு. சாந்து குழைப்பது, மட்டம் பார்ப்பது எல்லாம் உங்கள் மேசனுக்குத் தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

படி 1: எதை எரிக்கப் போகிறீர்கள்?

கடைக்காரர் காட்டும் பெட்டிகள் பெரும்பாலும் நான்கு வகை: காஸ் கிறில், கரி கிறில், களிமண் பானை போன்ற கமாடோ, மரப்புகையில் மெதுவாக வேகவைக்கும், மின்சாரத்தில் ஓடும் பெலட் ஸ்மோக்கர். பெலட்டை முதலிலேயே தள்ளிவிடுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த அந்தக் குச்சிகள் ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்து உள்ளே இறுகிவிடும். மார்கழி மழையில் எங்கள் வீட்டு உப்புப் போத்தலே தண்ணீராகிறது, பெலட் எந்த மூலைக்கு?

காஸ் சுகம்தான், பற்றவைத்துப் பத்து நிமிடத்தில் சமைக்கலாம். ஆனால் 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவன் நான். அதனால் என் தெரிவு மூடியுள்ள கரி கிறில். சிரட்டைக் கரி இங்கே தாராளம், நல்ல சூடு, புகையும் குறைவு.

"அப்போ ஸ்மோக்கர்?" என்று மச்சான் கேட்டான். தனியாக ஒன்று பதிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. மூடி ஆழமாக இருந்தால் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சியை மறுபக்கம் வைத்து, மூடியின் புகைத்துளை இறைச்சிக்கு மேலே வரும்படி மூடுங்கள். கீழ்க் காற்றுத்துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து 110 முதல் 120 பாகை செல்சியசில் நிறுத்தினால் அதுவே ஸ்மோக்கர். கரிமேல் காய்ந்த கொய்யா அல்லது மாங்கொப்புத் துண்டு இரண்டு போதும். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தால் இறைச்சி கசக்கும். மெல்லிய நீலப் புகை வரும்வரை பொறுங்கள். பெயின்ற் அடித்த பழைய பலகையை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

படி 2: காந்தம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று கல்லடிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. எவர்சில்வர் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 430 என்ற தரத்தில் காந்தம் ஒட்டும், உப்புக்காற்றுக்கு அது தாங்காது. 304இல் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும், காந்தம் ஒட்டாது. வளைத்த இடங்களில் மட்டும் மெல்ல இழுக்கலாம். 316இல் கூடுதலாக 2 முதல் 3 வீதம் மொலிப்டினம். உப்பு அரித்துப் புள்ளி புள்ளியாகத் துளைப்பதை அதுதான் தடுக்கிறது. கடலை ஒட்டி வீடு என்றால், பணம் இருந்தால், 316. இல்லாவிட்டால் 304 வாங்கி வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடையுங்கள்.

காந்தச் சோதனையை முழுதாக நம்பவும் கூடாது. நிக்கல் குறைந்த மலிவான 201 தரத்திலும் காந்தம் ஒட்டாது. தரம் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். மூடிப் பிணைச்சலையும் திருகாணிகளையும் தனியாகப் பாருங்கள். என் பெட்டியில் உடல் பளபளவென்று நிற்க, முதலில் சிவந்தது திருகாணிதான். கல்வனைஸ் கம்பியில் செய்த தட்டு வேண்டவே வேண்டாம். கரிச்சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு ஆவியாகும், அந்தப் புகை ஆகாது.

படி 3: அளவு (நான் விழுந்த குழி)

கையேட்டில் இரண்டு அளவு இருக்கும். ஒன்று பெட்டியின் வெளி அளவு, மற்றது சுவரில் விடவேண்டிய வெட்டு அளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது. நான் அதைச் சரியாகத்தான் பார்த்தேன். 78 சென்ரிமீற்றர். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே 78 விட்டோம். பூச்சு முடிந்து, அதன்மேல் ரைல் ஓடும் பதித்து, நாலு பேராகப் பெட்டியைத் தூக்கி வைத்தால் உள்ளே போகவில்லை.

ஏன்? பூச்சு ஒரு பக்கம் 1.5, மறுபக்கம் 1.5. ஓடும் பசையும் பக்கத்துக்கு 1. மொத்தம் 5 சென்ரிமீற்றரை நானே தின்றுவிட்டேன். மிஞ்சியது 73. ஆக, செங்கல் இடைவெளி 83 விட்டிருக்க வேண்டும். சூட்டில் உலோகம் விரியும் என்பதால் இன்னும் ஒரு சென்ரிமீற்றர் கூட்டி 84. ஆழத்துக்கும் இதே கணக்குப் போடுங்கள்.

இடித்துக் கட்டிய பிறகும் முடியவில்லை. மூடியைத் திறந்தால் பாதியில் பின்சுவரில் முட்டி நின்றது. கை விட்டால் படாரென்று விழும். மூடி மேலே மட்டும் போவதில்லை, அதன் பின்விளிம்பு பெட்டிக்கு வெளியே பின்னால் சரியும். என்னுடையதற்கு 14 சென்ரிமீற்றர் வேண்டியிருந்தது. இதைக் கையேட்டில் தேடாதீர்கள். கடையிலேயே மூடியை முழுதாகத் திறந்து டேப் பிடியுங்கள்.

அன்று மேசன் மாமா சொன்னது: "பெட்டிய வாங்கி முத்தத்தில வை தம்பி. அதப் பாத்துக் கல்லு வைப்பம். மறுகா இடிக்கிற வேலை இல்லை." முதல் நாளே சொல்லியிருக்கலாம் மாமா.

பெட்டியை உள்ளே வைத்துச் சாந்தால் அடைத்து விடாதீர்கள். விளிம்பில் தொங்கும்படி இருக்கட்டும். என்றாவது அது உக்கும், அன்றைக்குத் தூக்கி எடுக்க வேண்டும்.

படி 4: எந்தப் பக்கம் பார்த்து வைப்பது

வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து, கச்சான் காற்று மேற்கிலிருந்து. பெரும்பாலான கிறில்களில் சூடு வெளியேறும் வாய் மூடிக்குப் பின்னால்தான். பின்னாலிருந்து காற்று அடித்தால் சூடு திரும்பி முன்பக்கம் வரும். மச்சான் வீட்டுக் காஸ் கிறிலில் கச்சான் காலத்தில் முன்பக்கத்துத் திருகு குமிழ்களே உருகின. பின்பக்கம் மேற்கே இருந்தால் பின்னால் மறைப்புச் சுவர் எழுப்புங்கள், மேலே சொன்ன 14 சென்ரிமீற்றரை மறக்காமல். கிடுகுக் கூரைக்குக் கீழே கரி மூட்டவே கூடாது. தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

படி 5: மிச்சம்

காஸ்தான் வேண்டும் என்றால் ஒன்று மட்டும் பிடிவாதமாகச் செய்யுங்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் அடியில் தேங்கி நிற்கும். சிலிண்டர் அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் தரையோடு ஒட்டித் துளை விடுங்கள், மேலேயும் விடுங்கள். அழகுக்காக அடைக்காதீர்கள். நெருப்பு எரியும் கிறில் பெட்டியும் சிலிண்டரும் ஒரே அறையில் வேண்டாம்.

நெருப்பு நேரே படும் இடத்தில் சாதாரண சீமெந்துச் சாந்து வெடிக்கும். அங்கே தீச்செங்கல், தீக்களிமண் சாந்து. மழைத்தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை.

பின்னர் சேர்த்தவை

காத்தான்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 304 வாங்கியும் அடித்தட்டு ஒரு மழைக்காலத்தில் அரித்துவிட்டதாம். சாம்பலை அள்ளினீர்களா என்று கேட்டேன். இல்லையாம். ஈரமான சாம்பல் காரம், உப்பும் ஈரமும் அதில் தங்கி உலோகத்தைத் தின்னும். ஆறியதும் அன்றே அள்ளுங்கள்.

மூடியில் இருக்கும் வெப்பமானி சரியா என்று இன்னொருவர் கேட்டார். அது மூடிக்கருகே உள்ள சூட்டைத்தான் காட்டும், தட்டு மட்டத்தில் வேறு. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று தனியாக வாங்குங்கள். கோழி உள்ளே 74 பாகை, கொடுவா, பாரை என்றால் 63.

கமாடோ பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. நல்ல சாமான்தான், சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். பெரியவை 70 கிலோவுக்கு மேல் வரும், பலகை மேசை தாங்காது, கொங்கிரீட் தட்டு வேண்டும். சுற்றிவர இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

கடைசியாக, படங்கு. மழைக்கென்று கிறிலைப் படங்கால் இறுக்கி மூடி மாதக்கணக்கில் விட்டால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். வெயில் வரும் நாட்களில் கழற்றி வையுங்கள். நான் அடியில் இரண்டு கல் வைத்துக் காற்றுப் போக விட்டிருக்கிறேன். அந்த இடைவெளியில் இப்போது பூனை ஒன்று குட்டி போட்டிருக்கிறது, இந்த மாதம் கிறில் இல்லை.