இடுக்கி பிடித்தவர் கையைத் தொடாதீர்கள்: ப்ராய்க்குப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலை மாறி வந்த இரண்டாவது வாரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் என்னை நிறுத்தி, "சனிக்கிழமை எங்கள் வீட்டில் ப்ராய். மதியம் 1 மணிக்கு வந்துவிடுங்கள். உங்கள் கறியை நீங்களே கொண்டுவாருங்கள்" என்றார். விருந்துக்கும் கூப்பிட்டு, சாப்பாட்டையும் நம்மையே சுமந்துவரச் சொல்லும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. "இது என்ன மரியாதை?" என்று என் மனைவி இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சரியாக 1 மணிக்குப் போனோம், காலையில் அரைவயிற்றோடு நிறுத்திக்கொண்டு. அங்கே விறகே பற்றவைக்கப்படவில்லை. தட்டில் கறி விழுந்தபோது மணி நாலேகால். அதற்குள் என் மகன் பிஸ்கட் பொட்டலம் இரண்டைக் காலி செய்திருந்தான். ஆகவே முதல் விதி: வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள்.

ப்ராய் என்பது ஆப்பிரிக்கான்ஸ் சொல், டச்சிலிருந்து கிளைத்த இந்நாட்டு மொழி அது. நெருப்பில் சுடுவதற்கும் அதுதான் பெயர், சுடும் அடுப்புக்கும் அதுதான், அதைச் சுற்றிக் கூடும் கூட்டத்துக்கும் அதுதான். கேஸ் அடுப்பில் சுட்டுக் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுவார்கள். ப்ராய் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சோவெட்டோ போன்ற கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் இதே கலை ஷீசா நியாமா. ஜூலு மொழியில் 'கறியைச் சுடு' என்று பொருள். கறிக்கடையில் துண்டைக் காட்டி வாங்கினால் பக்கத்து நெருப்பிலேயே சுட்டு, மரப்பலகையில் வெட்டி, உப்போடு நீட்டுவார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். நம்மவர்களுக்கு அங்கே சொல்லித்தர ஒன்றுமில்லை.

எதைக் கொண்டுபோவது? உங்கள் குடும்பம் தின்னும் அளவு கறி, நீங்கள் குடிக்கும் பானம், ஒரு பை ஐஸ். முடிந்தால் மடக்கு நாற்காலிகள். சாலட் கொண்டுவரச் சொன்னால் சாலட்தான். லெமன் சாதம் கொண்டுபோய் நான் பட்ட பாடு தனிக்கதை. எல்லாக் கறியும் நெருப்பின் மேல் வைக்கும் ஒரே கம்பித்தட்டில் ஏறி எல்லார் தட்டுக்கும் போய்விடும் என்பதால் கணக்குப் பார்ப்பதாகத் தெரியாது. ஆனால் பார்ப்பார்கள். மலிவான சாசேஜைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்தவர் கொண்டுவந்த மாட்டு ஸ்டேக்கில் கைவைத்தவரைப் பற்றி மறுவாரம் வரை பேச்சு ஓடும்.

இனி நெருப்பு. இதில்தான் நேரமெல்லாம் போகிறது, போகவும் வேண்டும். கேப் டவுன் பக்கத்தில் ரோய்க்ரான்ஸ் விறகு பெயர்பெற்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் சீமைக்கருவேலம்போல் பரவிக்கிடக்கும் மரம் அது. எவ்வளவு வெட்டினாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். திராட்சைத் தோட்டப் பகுதிகளில் பழைய கொடியின் அடிக்கட்டைகளை எரிப்பார்கள். எங்கள் பக்கம் கடையில் பையாகக் கிடைப்பது செக்கல்பொஸ், கமீல்டூரிங். கமீல்டூரிங் பாதுகாக்கப்பட்ட மரம், அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. யார் விற்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். காட்டுப்பக்கம் போய் நீங்களே பொறுக்குவதாக இருந்தால் தாம்போட்டி மரம் எது என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். அதன் பால் நஞ்சு, அந்தப் புகையில் சுட்டதைத் தின்றால் வயிறு படுத்தும். வீட்டுத் தோட்டத்து அரளிக்கும் இதே எச்சரிக்கை. பெயிண்ட் அடித்த பழைய பலகையும் வேண்டாம்.

விறகைக் காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பற்றவையுங்கள். சுவாலை ஆளுயரம் எழும்பும்போது புதியவர்களுக்குக் கை பரபரக்கும், கறியைப் போட்டுவிடலாமே என்று. கூடாது. சுவாலையில் போட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. ஒரு மணி நேரமாவது எரிந்து அடங்கி, கங்கின் மேல் சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பு மூச்சுவிடுவதுபோல் தெரியும், அதுதான் தணல். கம்பியின் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். 3 எண்ணுவதற்குள் கை தானாக விலகினால் ஸ்டேக்குக்குச் சரியான சூடு. 5, 6 வரை தாங்கினால் சாசேஜ், ஆட்டுச் சாப்ஸ். 8 தாண்டினால் கோழி, அதுவும் மணிக்கணக்கில் எடுக்கும் கோழி. ஓரத்தில் சின்னதாக இன்னொரு நெருப்பை எரியவிட்டு வைத்தால் தணல் தளரும்போது மண்வெட்டியால் அள்ளிச் சேர்க்கலாம். இந்த ஓர நெருப்பை மறந்த இரவில் என் வீட்டுக் கோழியை மைக்ரோவேவ்தான் காப்பாற்றியது. வெளியே சொல்லவில்லை.

அடுத்தவர் நெருப்பில் தலையிடாதீர்கள். இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த மாலையின் நாட்டாமை. கருகுகிறதே என்று பதறி, நான் ஒரு முறை இன்னொரு இடுக்கியை எடுத்து ஒரு சாப்ஸைத் திருப்பினேன். பேச்சு நின்றுவிட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அந்தச் சாப்ஸை முன்பிருந்தபடியே திருப்பிப் போட்டார். உங்கள் வேலை, கையில் கோப்பையோடு சுற்றி நின்று, புகை உங்கள் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் நகர்ந்து, "நல்ல தணல், ஓம்" என்று சொல்வது. ஓம் என்றால் மாமா. வயதில் மூத்த ஆப்பிரிக்கான்ஸ்காரர்களை அப்படித்தான் அழைப்பார்கள். மூத்த பெண்மணி 'டன்னி'. இந்த முறை வைப்பு நமக்கு உடனே ஒட்டிக்கொள்ளும்.

ஆண்கள் நெருப்பருகே, பெண்கள் சமையலறையில் சாலட்டோடு என்பது பழைய ஏற்பாடு. பல வீடுகளில் இன்றும் அப்படியே நடக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. டர்பனிலிருந்து வந்த என் அலுவலக அக்காவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நான் பார்த்தவர்களில் தணலைக் கையாளத் தெரிந்தவர் அவர்தான்.

கறிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று சொல்கிறேன்: பூரவோர்ஸ், வட்டமாகச் சுருட்டிவைத்த நீண்ட சாசேஜ். அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் குறைந்தது 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. முதல் தடவை அது தணலில் ஏறியபோது எனக்கு அம்மாவின் சமையலறை மூக்கில் அடித்தது. ஒரு கணம் குழம்பிப்போனேன். வறுத்த தனியா! பூரவோர்ஸின் ஆதார வாசனையே கொத்தமல்லி விதைதான். கூடவே ஜாதிக்காய், கிராம்பு, கொஞ்சம் வினிகர். சுருளைப் பிரிக்காமல் இரண்டு குச்சிகளைக் குறுக்காகக் குத்தி நிறுத்தி, மிதமான தணலில் வையுங்கள். முள்கரண்டியால் தோலைக் குத்தாதீர்கள்; கொழுப்பு தணலில் சொட்டித் தீப்பிடிக்கும், சாசேஜ் உள்ளே வறண்டுபோகும். சுட்டதும் விரல் நீளத்துக்கு நறுக்கிப் பலகையில் வைத்தால் முக்கியச் சாப்பாட்டுக்கு முன்பே குழந்தைகள் முடித்துவிடும். அதற்காகத்தான் வைப்பதும்.

உடன் தின்ன மக்காச்சோள மாவில் கிளறிய பாப். நம் களிதான், வெள்ளையாக. மேலே தக்காளி, வெங்காயம் வதக்கிய ஷெபாவோ, காரமான சக்கலக்காவோ ஊற்றுவார்கள். எல்லாம் முடிந்து தணல் சோர்ந்தபின் கடைசியாக ஏறுவது ப்ராய்ப்ரோய்கி: இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சீஸ், தக்காளி, வெங்காயம், இனிப்புச் சட்னி, வெளிப்புறம் வெண்ணெய். மூடும் கம்பிக் கூண்டில் அடுக்கி, நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் கரி.

யார் எதைத் தின்ன மாட்டார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். பூரவோர்ஸில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும், பன்றியும் கலந்திருக்கலாம். முஸ்லிம் நண்பர்கள் வந்தால் ஹலால் கறியும் தனிக் கம்பியும் வேண்டும். சைவர்களுக்கும் தனிக் கம்பிதான் மரியாதை.

இதில் டர்பன் தமிழர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. செப்டம்பர் 24 இங்கே பாரம்பரிய தினம், அரசு விடுமுறை. அன்று நாடே ப்ராய் போட வேண்டும் என்று 2005-இல் ஒரு பிரசாரம் தொடங்கி, 2007-இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவே அதற்குப் புரவலராகி, இப்போது பலருக்கும் அது 'ப்ராய் தினம்'. ஆனால் அந்தத் தேதி எல்லா வருடமும் புரட்டாசியில் விழுகிறது! 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழிவந்த குடும்பங்கள் பலவற்றில் தமிழ் பேசுவது நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. புரட்டாசி மட்டும் நிற்கவில்லை. மாதம் முழுவதும் கறி கிடையாது. அக்கா வீட்டில் அன்றும் நெருப்பு எரியும். கம்பியில் உரிக்காத சோளக்கதிர், காளான், கத்தரிக்காய், பனீர், அடுக்கடுக்காக ப்ராய்ப்ரோய்கி. சோளத்தில் எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் உப்பும் தேய்த்துக் கொடுப்பார். கறி தின்னும் வெள்ளைக்கார நண்பர்கள் அதற்காகவே வருகிறார்கள்.

கோடையில் எங்கள் பக்கம் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வந்துவிடும், ஆகவே கூரை உள்ள இடமாகப் பாருங்கள். சாப்பிட்டதும் கிளம்பாதீர்கள்; இன்னும் இரண்டு கட்டைகளைப் போட்டு அந்த வெளிச்சத்தில் உட்காருவார்கள், நல்ல பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். மிச்சக் கறியை வீட்டுக்காரருக்கே விட்டுவிட்டு வாருங்கள்.

கம்பியைக் கழுவுவது உங்கள் வேலையில்லை, அவர்கள் வேலையும் இல்லை. பிசுக்கு அப்படியே இருக்கும். அடுத்த நெருப்பு அதை எரித்ததும் தூரிகையால் தேய்த்து, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி மேலே ஓட்டினால் போதும். என் வீட்டில் இது நடப்பதில்லை. இரவோடு இரவாக என் மனைவி அதைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுகிறாள். மறுநாள் காலையில் வெயிலில் மின்னும் கம்பியைப் பார்த்து, மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியவர் தலையில் கைவைத்துக்கொள்கிறார்.