வீட்டுப் பராமரிப்பில் நோயாளியின் அந்தரங்கம்: நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணா நகர் கிழக்கு. ஆண், 82 வயது. பக்கவாதம், சிறுநீர்க் குழாய் உண்டு. மகன் அமெரிக்காவில். வீட்டில் மனைவி மட்டும். 24 மணி நேரப் பணி, உடனே ஆள் தேவை.” தெருப் பெயரும் கதவு எண்ணும் சேர்ந்த இத்தகைய செய்தி, 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே நாளில் பலமுறை போகிறது. அனுப்புகிறவர் யாருக்கும் தீங்கு நினைப்பவர் அல்லர். மறுநாள் காலைக்குள் ஆள் அனுப்பியாக வேண்டுமே என்ற நெருக்கடியில் இருப்பவர். ஆனால் அந்த 200 பேரில் ஒருவர்தான் அந்த வீட்டுக்குப் போகப் போகிறார். மற்ற 199 பேருக்கும் ஒரு முதியவரின் நோயும், அவர் வீட்டில் துணைக்கு ஆள் இல்லை என்பதும் காரணமின்றித் தெரிந்துவிடுகின்றன. அவர்களில் சிலர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள். சிலருடைய எண் இன்று வேறொருவர் கையில் இருக்கிறது.

வீடுகளுக்குச் செவிலியரையும் உதவியாளரையும் அனுப்பும் நிறுவனங்கள் செய்யும் தவறுகளில் இதுவே முதலாவது. குடும்பத்தோடு ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்பே நடந்துவிடுவதும் இதுதான். குழுவில் போட வேண்டியவை பகுதி, பணி நேரம், வேண்டிய பழக்கம் ஆகிய மூன்று மட்டுமே: “அண்ணா நகர், 24 மணி நேரம், படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிந்த ஆண் உதவியாளர்.” பணிக்கு ஒப்புக்கொண்டவர் யாரோ அவரை மட்டும் தொலைபேசியில் அழைத்து மீதியைச் சொன்னால் போதும். கூடுதலாக ஆவது ஐந்து நிமிடம்.

சென்னையில் இத்தகைய நிறுவனமொன்றில் பல ஆண்டுகளாக மேற்பார்வைச் செவிலியராக இருக்கிறேன். மருத்துவமனையில் நோயாளியின் கோப்பு பதிவேட்டு அறையில் இருக்கும். எங்கள் தொழிலில் அது உதவியாளரின் கைப்பேசியிலும் வாய்ச்சொல்லிலும் இருக்கிறது. மருத்துவருக்கும் பதிவு பெற்ற செவிலியருக்கும் தொழில் ஒழுக்க விதிகள் உண்டு. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்து, சில வாரப் பயிற்சியோடு வேலைக்கு வரும் உதவியாளருக்கு அப்படி எதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே கீழே சொல்லப்படும் தவறுகள் பெரும்பாலும் அவர்கள் கையால் நடந்தாலும், பொறுப்பு அவர்களை அனுப்பிய நிறுவனத்தினுடையது என்பதே என் கருத்து.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிகளே தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய நுண்ணிய தகவல்கள் என வகைப்படுத்தின. 2023-இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைத் திரட்டும் நிறுவனமே அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசத்தைக் காத்திருக்கும் காலமாக எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களைப் பார்க்கிறேன். பழக்கத்தை மாற்றிக்கொள்வதற்கு அதுவே குறைவான காலம்.

பணம் கட்டுபவரும் நோயாளியும் ஒருவரல்ல

மாதக் கட்டணத்தை அனுப்புவது வெளிநாட்டில் இருக்கும் மகன். ஒவ்வொரு இரவும் அழைத்து விசாரிப்பதும் அவரே. ஆகவே தாயின் உடலில் நடக்கும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். நினைவும் தெளிவும் உள்ள நோயாளியின் விஷயத்தில் இந்த நினைப்புத் தவறானது. நோயின் செய்தி நோயாளிக்கு உரியது. அதை யாரிடம், எவ்வளவு சொல்லலாம் என்பதை முடிவு செய்பவரும் அவரே.

நாங்கள் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாவுக்கு, இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் போனது. எங்கள் உதவியாளர் அக்கறையுள்ள பெண். குடும்பத்தார் ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு ஒரு செய்தி போடுவார்: சாப்பிட்டது, ரத்த அழுத்தம், எத்தனை முறை டயப்பர் மாற்றியது. குழுவில் மகன், மகள், மருமகள் மட்டுமல்லாமல் சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். பேரப்பிள்ளை ஒருவன் எதையோ வாசித்துக் காட்டியதில் அந்த அம்மாவுக்கு இது தெரியவந்தது. அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். டயப்பர் மாற்றும் எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதற்காக. இரண்டு வாரத்தில் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் வந்து மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. காரணத்தை அவர் என்னிடம் சொன்னபோது, உதவியாளரிடம் சொல்லாதீர்கள், அந்தப் பெண் வருத்தப்படுவாள் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு நடைமுறையை ஏற்படுத்தினோம். பணி தொடங்கும் முதல் நாள், மேற்பார்வையாளர் நோயாளியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பத்தார் இல்லாமல் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்பார். அன்றாட விவரத்தை யாரிடம் சொல்லலாம்? அவசரம் என்றால் யாரை அழைக்க வேண்டும்? எதை யாரிடம் சொல்ல வேண்டாம்? பதில்கள் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டு அவருடைய கையொப்பமோ கைரேகையோ பெறப்படும். குடும்பக் குழுவில் நாங்கள் எதையும் பதிவிடுவதில்லை. நோயாளி குறித்துக் கொடுத்த ஒருவருக்கோ இருவருக்கோ தனியாகச் சொல்கிறோம். மறதி நோய் முற்றியவர்களிடம் இந்தக் கேள்விகள் பலன் தராது. அங்கே பொறுப்பெடுக்கும் உறவினர் ஒருவரை எழுத்தில் குறித்துக்கொள்கிறோம்.

இதன் மறுபக்கமும் நம் வீடுகளில் உண்டு. “அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரியக்கூடாது, வயிற்றுப் புண் என்றே சொல்லியிருக்கிறோம்” என்று பிள்ளைகள் உதவியாளரைச் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொள்வார்கள். அவர்களுடைய பயம் அன்பிலிருந்து வருவதுதான். ஆனாலும், ஒரு நாள் நள்ளிரவில் அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு “எனக்கு என்னம்மா வியாதி?” என்று கேட்கும்போது பொய் சொல்லும் சுமையை மாதச் சம்பளத்துக்கு வந்த பெண்ணின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. “டாக்டரிடம் கேட்போம் அம்மா, நீங்கள் கேட்டதாக நான் சொல்லிவைக்கிறேன்” என்ற ஒரே பதிலை நாங்கள் பழக்கியிருக்கிறோம். அந்தக் கேள்வி எழுந்ததை மறுநாளே மருத்துவரிடமும், குறித்துக் கொடுக்கப்பட்ட உறவினரிடமும் மேற்பார்வையாளர் தெரிவித்துவிட வேண்டும்.

வாசல் பதிவேடும் கைப்பேசிப் படமும்

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலர் ஒரு பதிவேட்டை நீட்டுவார். பெயர், வீட்டு எண், வந்த காரணம் என்று கட்டங்கள் இருக்கும். “ஹோம் நர்ஸ், கேன்சர் பேஷண்ட்” என்று நம் உதவியாளர் ஒருவர் எழுதியிருந்ததை நானே படித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை அன்று பால்காரரிலிருந்து கூரியர் கொண்டுவருபவர் வரை எல்லோரும் பார்த்திருப்பார்கள். “வீட்டுப் பணி” என்று எழுதினால் போதும். மின்தூக்கியில் பக்கத்து வீட்டார் விசாரித்தாலும், மருந்துக் கடையில் தெரிந்தவர் கேட்டாலும், “நன்றாக இருக்கிறார்கள்” என்பதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் நலம் விசாரிப்பவருக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்பதால், மரியாதையாகவும் சுருக்கமாகவும் பதில் சொல்லும் விதத்தைப் பயிற்சியிலேயே பேசிப் பழக வைக்க வேண்டும். பணி மாறும்போது ஒருவர் மற்றவருக்கு விவரம் சொல்வதும் கூடத்தில், விருந்தினர் காதுபட நடக்கக்கூடாது.

படங்கள் இன்னும் சிக்கலானவை. படுக்கைப் புண் ஆறுகிறதா என்று மருத்துவருக்குக் காட்டப் படம் எடுப்பது தேவையானது. ஆனால் உதவியாளரின் சொந்தக் கைப்பேசியில் எடுத்த படம் அதிலேயே தங்கிவிடுகிறது. கூகுள் போட்டோஸில் தானாகவே சேமிக்கும் அமைப்பு இயங்கினால் அங்கும் போய்விடுகிறது. வீட்டில் பிள்ளைகள் விளையாடக் கைப்பேசியை வாங்கும்போது அவர்கள் கண்ணிலும் படுகிறது. முகமும் பெயரும் வராமல் புண்ணை மட்டும் எடுப்பது, நோயாளியிடம் கேட்டுவிட்டு எடுப்பது, மேற்பார்வையாளருக்கு அனுப்பியவுடன் கைப்பேசியிலிருந்தும் குப்பைக் கோப்புறையிலிருந்தும் நீக்குவது என்பவை மாற்றமில்லாத விதிகளாக இருக்க வேண்டும். பிறந்தநாளில் கேக் வெட்டும் பாட்டியின் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது பாசத்தால் செய்யப்படுவதே. ஆனால் அவர் மூக்கில் உணவுக் குழாய் இருக்கிறதே. வெளியிடலாமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லையே.

கிசுகிசுவால் யாருக்கும் பாதுகாப்பில்லை

“அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, ஜாக்கிரதையாக இரு” என்று உதவியாளர் காதில் சொல்லி அனுப்புவதைப் பொறுப்பான செயல் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, சட்டமே வகுத்த சில விலக்குகளைத் தவிர, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதலின்றி வெளிப்படுத்தக்கூடாது. அதே சட்டம் பணியாளரையும் மறக்கவில்லை: தொற்று அபாயமுள்ள பணியில் இருப்பவர்களுக்குக் கையுறை உள்ளிட்ட பொதுப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் பயிற்சியையும், தொற்று நேரக்கூடிய நிலை ஏற்பட்டால் தடுப்பு மருந்தையும் நிறுவனம் தர வேண்டும் என்கிறது.

இதில் உள்ள மருத்துவ நியாயம் எளிமையானது. தனக்கு எச்.ஐ.வி.யோ ஹெபடைடிஸ் பி-யோ இருப்பது நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம். காதில் சொல்லப்பட்ட வீட்டில் மட்டும் கையுறை போடுபவர், சொல்லப்படாத வீட்டில் வெறுங்கையால் ரத்தத்தைத் துடைப்பார். எல்லா வீட்டிலும், எல்லா நோயாளிக்கும், ரத்தமோ உடல் திரவமோ படும் வேலைக்குக் கையுறை. பயன்படுத்திய ஊசியை மூடி போடாமல் நேராகத் துளைக்க முடியாத பெட்டியில் போடுவது. குத்திக்கொண்டால் உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, நேரத்தைக் கடத்தாமல், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்த் தடுப்பு மருந்தைத் தொடங்குவது: இவையே உதவியாளரைக் காப்பாற்றும். கையுறைப் பெட்டிக்குச் செலவு செய்யத் தயங்கும் நிறுவனம், அந்தச் செலவை நோயாளியின் ரகசியத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ரகசியம் என்ற பெயரில் தேவையானதையே மறைப்பதும் தவறுதான்; அதன் விளைவு உடனடியாகத் தெரியும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர் என்று சொல்லப்படாமல் போன புதிய உதவியாளர் படுத்த நிலையிலேயே தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும். வலிப்பு, இன்சுலின், மருந்து ஒவ்வாமை, கீழே விழும் அபாயம், தற்கொலை எண்ணம் ஆகியவை அந்த அறையில் நிற்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பத்து ஆண்டுக்கு முன் நடந்த கருக்கலைப்பு அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே உதவியாளர் கையில் கொடுத்துவிடும் வழக்கத்தை விட்டு, பணிக்கு வேண்டியதை மட்டும் மேற்பார்வைச் செவிலியர் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுப்பது நல்லது. அது அவருக்குப் புரியவும் செய்யும்.

தாள்களும் ஒப்புதல் படிவங்களும்

வீட்டில் வைத்து எழுதும் பணிக் குறிப்பேடு குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கக்கூடாது. அதில் குடும்பச் சண்டைகளும் “பாட்டி ரொம்ப முரண்டு” போன்ற அபிப்பிராயங்களும் இடம்பெறக்கூடாது. பணி முடிந்ததும் அது யாரிடம் போகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அலுவலகத்தில் சேர்ந்த பழைய கோப்புகளை எடைக்குப் போட்டால், அவை பொட்டலம் மடிக்கும் காகிதமாக எங்கேயோ வெளிவரும். கிழித்து அழிப்பதற்கு இயந்திரம் உண்டு.

ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், நான்கு பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து தாயை அழைத்து வந்த பதற்றத்தில் மகள் கையெழுத்துப் போடுகிறார். அடுத்த வாரம் கட்டில் வாடகைக்குக் கொடுப்பவர், ஆக்சிஜன் கருவி விற்பவர், டயப்பர் மொத்த விற்பனையாளர் என்று வரிசையாக அழைப்புகள் வருகின்றன. தரகுக்காக எண்களைக் கொடுக்கும் இந்தப் பழக்கத்தை நான் வெறுக்கிறேன். குடும்பம் நம்மிடம் நோயைச் சொன்னது கவனிப்புக்காக மட்டுமே. புதிய சட்டப்படி ஒப்புதல் குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, விளங்கிக்கொண்டு, வற்புறுத்தலின்றித் தரப்பட்டதாக இருக்க வேண்டும். அதைக் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு.

கடைசியாக, நடந்துவிட்ட கசிவை மறைப்பது. எங்கள் உதவியாளர் ஒருவர் மாநகரப் பேருந்தில் கைப்பேசியைத் தொலைத்துவிட்டு, சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான்கு நாட்கள் சொல்லாமல் இருந்தார். அந்தப் பயத்தை ஏற்படுத்தி வைத்திருந்தது நாங்கள்தான். நான் அந்த வீட்டுக்கு நேரில் போய், புண்ணின் படங்கள் அந்தக் கைப்பேசியில் இருந்ததைச் சொன்னேன். படுக்கையில் இருந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “என் முகம் அதில் இருந்ததா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்று என்னால் சொல்ல முடிந்தது. தரவுச் சட்ட விதிகள் கசிவைத் தாமதமின்றி உரியவருக்குத் தெரிவிக்கவும், முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் தரவும் சொல்கின்றன. இன்று எங்கள் அலுவலகத்தில், தொலைத்த அன்றே சொல்பவருக்குப் பிடித்தம் கிடையாது. அழைப்பு வந்தவுடன் கைப்பேசியைத் தொலைவிலிருந்து அழிக்கவும், சிம்மை முடக்கவும், அந்த வீட்டுக்குப் போகவும் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார்.